அச்சுவேலி அங்குலம்

எஞ்சின் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே நின்ற நாலு பேரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள், தேங்காய் இப்போது விழுமா பிறகு விழுமா என்று பார்க்கிறவர்களைப் போல.

இடம், கொழும்புத்துறைக் கடலோரத்தில் சிமியோன் ஓடாவியின் கொட்டில். வள்ளம் கட்டுகிற தச்சரைத்தான் அந்தப் பக்கத்தில் ஓடாவி என்பார்கள். வழக்கமாக அங்கே வள்ளம் நிற்கும். இந்த வெள்ளிக்கிழமை காலையில் நின்றது ஒரு சிவப்புக் கார். இரண்டே பேர் இருக்கலாம். பின்பக்கம் மீன்வால் போலக் கூராக முடியும். பதினாலு வருடத்துக்கு முன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத் துரை ஒருவர் பந்தயம் ஓடுவதற்கென்றே கப்பலில் இறக்குவித்தது. இப்போது முன்மூடியான பொனெற்றைக் கழற்றி, உள்ளே இருந்த பழைய எஞ்சினையும் கழற்றிவிட்டிருந்தார்கள். பல்லெல்லாம் பிடுங்கிய வாய் மாதிரி இருந்தது.

மேலே சங்கிலியில் ஆடியது புது எஞ்சின். புதுசு என்பது காருக்குத்தான். அதுவரை அது தீவுகளுக்கு ஓடிய மோட்டர் லோஞ்ச் படகு ஒன்றின் வயிற்றில் இருந்தது. லோஞ்ச் கல்லில் ஏறி உடைந்துபோக, எஞ்சின் மட்டும் பிழைத்துக் கரை சேர்ந்தது.

"இன்னொருக்கா இறக்குங்கோ," என்றார் காரின் சொந்தக்காரர் கதிரவேலு.

சிமியோன் சங்கிலியைத் தளர்த்தினார். காருக்குள் பூட்டியிருந்த இலுப்பை மரச் சட்டத்தில் எஞ்சின் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்தது என்று சொன்னால் பொய். ஒரு கால் சட்டத்தில் நின்றது, மற்றக் கால் பள்ளத்தில் விழுந்தது. சட்டம் அகலத்தில் ஒரு அங்குலம் அதிகம், உயரத்தில் ஒரு அங்குலம் அதிகம். ஆணித் துளை ஒன்றுகூட நேர்ப்படவில்லை.

"ஏழாந்தரம்," என்றான் சந்தியோகு. "இறங்கி ஏறி இறங்கி எஞ்சினுக்குத் தலை சுத்தப்போகுது."

"உது சதி ஐயா," என்றார் கதிரவேலு. "என்ரை வரைபடத்தை ஆரோ மாத்தியிருக்கினம்."

ஐயா என்று அழைக்கப்பட்டவர் மலாயா முத்துக்குமாரர். கோலாலம்பூர் ரயில் நிலையத்தில், பயணிகள் தவறவிட்ட சாமான்களுக்குக் கிளாக்கர் என்கிற குமாஸ்தாவாக இருபத்திரண்டு வருடம் இருந்தவர். பென்சனோடு ஊர் திரும்பி, 'காணாமற்போன எதுவும் கண்டுபிடித்துத் தரப்படும், மாடு நீங்கலாக' என்று பத்திரிகையில் விளம்பரம் போட்டவர். எஞ்சினைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, அது ரயிலுக்கு முன்னால் இருக்கும் என்பது மட்டும். சந்தியோகு அவருடைய உதவியாளன். அவரைச் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு மிதிப்பதும், அவர் யோசிக்கிறபோது எதிர்க் கதை கதைப்பதும் அவன் உத்தியோகம்.

"முதலிலிருந்து சொல்லும்," என்றார் முத்துக்குமாரர், ஒரு தார்ப் பீப்பாவின் மேல் இருந்துகொண்டு.

கதிரவேலு சொன்னார். வட்டுக்கோட்டைப் பக்கத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற வாத்தியார் அவர். மூன்று மாதத்துக்கு முன் இந்தக் காரில் அச்சுவேலிக்குப் பெண் பார்க்கப் போனார். பெண்ணின் பெயர் குணலட்சுமி. அவளை அவருக்குப் பிடித்தது, அவரை அவளுக்குப் பிடித்தது. காருக்குத்தான் அச்சுவேலி பிடிக்கவில்லை. கொதித்துப்போய் அவர்கள் வீட்டு வாசல் படலைக்கு முன்னால் நின்றுவிட்டது. அப்போது அவர் விஞ்ஞான வாத்தியார் செய்யக்கூடாத ஒரு காரியத்தைச் செய்தார். கொதித்த எஞ்சினுக்குள் ஒரு வாளி கிணற்றுத் தண்ணீரை ஊற்றினார். எஞ்சின் இரண்டாகப் பிளந்தது. பெண்ணின் தகப்பன் பரமலிங்கம் பந்தயம் ஓடுகிற தன் சவாரிக் காளைகள் இரண்டையும் பூட்டி, மாப்பிள்ளையையும் காரையும் சேர்த்து வட்டுக்கோட்டை வரை இழுத்துக் கொண்டுபோய் விட்டார்.

"அந்த வழி முழுக்க நான் காருக்குள்ளை இருந்தனான்," என்றார் கதிரவேலு. "என்ரை பள்ளிக்கூடப் பெடியள் றோட்டிலை நிண்டு பாத்தவங்கள்."

அடுத்த கிழமை மாட்டு வண்டிச் சவாரித் திடலில், சனம் முழுக்கக் கேட்கப் பரமலிங்கம் ஒரு வார்த்தை சொன்னார். என்ரை காளையை முந்துற காரிலை வந்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகட்டும், இல்லாட்டிக் கொழும்புக் கிளாக்கர் மாப்பிளைக்கு நாள் வைப்பன். சொன்ன சொல்லை அவர் திருப்பி எடுக்கிற ஆள் இல்லை. பந்தயம் நாளை மறுநாள், ஞாயிற்றுக்கிழமை.

"எஞ்சின் சட்டத்திலை இருந்தால் குணலட்சுமி எனக்கு. இருக்காட்டிக் கிளாக்கருக்கு," என்று முடித்தார் கதிரவேலு.

சந்தியோகு காரை எட்டிப் பார்த்தான். "பக்கத்துச் சீற்றிலை என்ன, பீப்பாவோ?"

"லோஞ்ச் எஞ்சின் கடல் தண்ணியிலை சூடாறிப் பழகினது. இஞ்சை கடலுக்கு எங்கை போறது? அதுதான் பீப்பா."

"அப்ப பொம்பிளை எங்கை இருக்கிறது?"

கதிரவேலு கொஞ்சம் யோசித்தார். "முதல் பொம்பிளை கிடைக்கட்டும். பிறகு பீப்பாவுக்கு இடம் பாப்பம்."

முத்துக்குமாரர் வரைபடத்தைக் கேட்டு வாங்கினார். நாலாக மடித்த பெரிய கடுதாசி. மரச் சட்டத்தின் படம் அழகாகக் கீறியிருந்தது, எட்டு அளவுகள் குறித்திருந்தது. கதிரவேலு தன் நோட்டுக் கொப்பியில் வைத்திருந்த பிரதியோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எட்டில் நாலு சரி. மற்ற நாலையும் யாரோ தடித்த பென்சிலால் வெட்டி, பக்கத்தில் வேறு எண் எழுதியிருந்தார்கள். ஏழு எட்டாகியிருந்தது. ஒன்பது பத்தாகியிருந்தது. பதினைந்து பதினாறு. பதினெட்டு இருபது.

"சிமியோன், நீர்தானே மாத்தினனீர்?" என்றார் கதிரவேலு.

"நான் ஏன் மாத்திறன்?" சிமியோன் உளியைத் துடைத்தபடி அமைதியாகச் சொன்னார். "கடுதாசியிலை கிடந்த அளவுக்குச் செய்தன். வாத்தியார் வெட்டித் திருத்தியிருக்கிறார், வாத்திமாருக்கு உது வழக்கம்தானே எண்டு நினைச்சன்."

முத்துக்குமாரர் கடுதாசியை வெளிச்சத்துக்குப் பிடித்தார். "சந்தியோகு, மேல் மூலையிலை என்ன?"

சந்தியோகு பார்த்தான். அதே தடித்த பென்சிலால் சின்னதாக ஒரு பிள்ளையார் சுழி.

"விஞ்ஞானப் படத்திலை நான் உது போடுறதில்லை," என்றார் கதிரவேலு.

"நான் போட்டால் குருசுதான் போடுவன்," என்றார் சிமியோன்.

"அப்ப மூண்டாவது ஆள் ஒருத்தன்," என்றார் முத்துக்குமாரர். அவர் முகம் மலர்ந்தது. "சந்தியோகு, ஒருத்தன்ரை காரியத்தைக் கெடுக்க வாறவன் பிள்ளையார் சுழி போட்டோ தொடங்குவான்?"

"கெடுக்கிறதும் விக்கினம் இல்லாமல் நடக்க வேணும்தானே ஐயா."

"சிமியோன், இந்தக் கடுதாசி உம்மடை கையை விட்டு எங்கையாவது போனதோ?"

"செவ்வாய்க்கிழமை மரம் அறுத்து விக்கிற மரக்காலைக்குக் கொண்டுபோனன். நல்ல இலுப்பைக் குத்தி அங்கைதான் கிடந்தது. கடுதாசியை முதலாளியிட்டைக் குடுத்தன், அவர் பாத்து அறுப்பிச்சுத் தந்தார்."

"எந்த மரக்காலை?"

"அச்சுவேலியிலை, பரமலிங்கம் முதலாளியின்ரை."

கதிரவேலு காரின் படியில் இருந்துவிட்டார். "என்ரை எதிரியிட்டையோ என்ரை திட்டத்தைக் கொண்டுபோய்க் குடுத்தனீர்?"

"அவர் உங்கடை எதிரி எண்டு கடுதாசியிலை போடேல்லையே தம்பி."

கதிரவேலு துள்ளி எழுந்தார். அப்படியானால் வழக்கு முடிந்தது என்றார். பரமலிங்கம் களவாக அளவை மாற்றியதைச் சவாரித் திடலில் சனத்துக்கு முன்னால் காட்டப்போவதாகச் சொன்னார். முத்துக்குமாரர் குடையை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

"காட்டும். பந்தயம் வெல்லுவீர். கள்ளன் எண்டு சனத்துக்கு முன்னாலை பேர் வாங்கின மனிசன் உமக்குப் பிள்ளையைத் தருவாரோ?"

கதிரவேலு திரும்பவும் காரின் படியில் இருந்தார்.

"நாங்கள் வரும் மட்டும் ஒண்டையும் தொடாதையும்," என்றார் முத்துக்குமாரர். "முக்கியமா, ஒண்டுக்கும் தண்ணி ஊத்தாதையும்."

கொழும்புத்துறையிலிருந்து அச்சுவேலி பத்து மைல். சந்தியோகு மிதித்தான். பின்னால் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு முத்துக்குமாரர். காற்று முன்னால் அடித்தபோது குடை சைக்கிளைப் பின்னுக்கு இழுத்தது. பின்னால் அடித்தபோது மிதிக்காமலே கோப்பாய் வந்தது.

"நாலு எண்ணை மாத்தினவன் ஏன் மற்ற நாலையும் விட்டவன்?" என்று முதுகுக்குப் பின்னால் கேள்வி வந்தது.

"பென்சில் முனை முறிஞ்சிருக்கும்."

"கெடுக்க வாறவன் எல்லாத்தையும் மாத்துவான். கெட்டிக்காரன் எண்டால் முக்கியமான ஒண்டை மட்டும் மாத்துவான். உவன் ஆறை விட்டிருக்கிறான், பதினொண்டை விட்டிருக்கிறான், இருபதையும் இருபத்தாறையும் விட்டிருக்கிறான். ஏழைக் கண்ட உடனை எட்டாக்கியிருக்கிறான்."

"ஏழு அவனுக்கு என்ன செய்ததோ."

"ஏழு, ஒன்பது, பதினைஞ்சு மூண்டுக்கும் ஒவ்வொண்டுதான் கூட்டினவன். பதினெட்டுக்கு மட்டும் ஏன் ரெண்டு? பத்தொன்பதிலை ஏன் நிக்கேல்லை?"

நீர்வேலி வாழைத் தோட்டங்களின் குளிர்மை வந்தது. சந்தியோகு மூச்சு வாங்கினான். "பத்தொன்பதோடையும் கோவம் போலை. ஐயா, மேட்டிலை மட்டும் குடையைச் சுருக்குங்கோ."

குடை சுருங்கவில்லை. முத்துக்குமாரர் தனக்குள் எண்களை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். எங்கேயோ கேட்ட கணக்கு, மலாயாவில் இருந்த காலத்தில் மறந்துபோச்சு என்று புத்தூர் தாண்டும்போது ஒருதரம் சொன்னார்.

பரமலிங்கத்தின் மரக்காலையில் இரண்டு பேர் பள்ளத்துக்குள் ஒருவரும் மேலே ஒருவருமாக நின்று பாலை மரம் வாளால் அறுத்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி காளைகளைக் குளிப்பாட்டக் கேணிக்குப் போய்விட்டார். அவர் வீடு மரக்காலையின் பின்பக்கம்தான். படலையில் குணலட்சுமி நின்றாள். இருபத்திரண்டு வயது, கண்ணில் சிரிப்பு இருந்தது, குரலில் இருக்கவில்லை.

"துப்பறியிற ஆக்களோ? வட்டுக்கோட்டையிலிருந்து ஆள் வந்து சொல்லிப்போட்டுது. எஞ்சின் இருந்திட்டுதோ?"

"இன்னும் இல்லை பிள்ளை."

"ஞாயிற்றுக்கிழமைக்குள்ளை இருக்கவேணும் எண்டு சொல்லுங்கோ. இருக்காட்டிக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டெண்டாலும் வரச்சொல்லுங்கோ. கிளாக்கரைப் படத்திலை பாத்தனான். படத்துக்குள்ளையே கொட்டாவி விடுறார்."

சந்தியோகு சிரிப்பை விழுங்கிக்கொண்டு அங்கும் இங்கும் பார்த்தான். வேப்பமரத்துக்குக் கீழே புதுப் பலகையில் ஒரு கோழிக்கூடு. அதற்குப் பக்கத்தில் உடைத்துப் போட்ட இன்னொரு கோழிக்கூடு. அதற்கும் பக்கத்தில் இன்னொன்று. கோழிகள் மூன்றிலும் இல்லை, மரத்துக் கொப்பில் வரிசையாக இருந்தன.

"பிள்ளை, உங்கை என்ன, கோழிக்கு நகரம் கட்டுறியளோ?" என்றான்.

"அப்புவின்ரை வேலை," என்று தகப்பனைச் சொன்னாள் குணலட்சுமி. "முதல் ஏழடியிலை கட்டினவர். கட்டி முடிஞ்ச பிறகு மனையடி சாத்திரம் பாத்தால், ஏழடி தரித்திரமாம். இடிச்சார். ஒன்பதடியிலை கட்டினார், அது பீடையாம். இப்ப எட்டடி. எட்டடி பாக்கியமாம். கோழியளுக்கு அந்தச் சாத்திரம் தெரியாது, அதுகள் மரத்திலை படுக்குதுகள்."

முத்துக்குமாரரின் குடை நிலத்தில் விழுந்தது.

அவர் வரைபடத்தை விரித்துக் குணலட்சுமியிடம் நீட்டினார். "பதினைஞ்சு என்ன பிள்ளை?"

"துக்கம்."

"பதினாறு?"

"செல்வம்."

"பதினெட்டு?"

"உள்ளதெல்லாம் அழியும். பத்தொன்பது உயிருக்கு நட்டம். இருபது இன்பம்." அவள் நிறுத்தினாள். "உது அப்புவின்ரை எழுத்தெல்லோ."

"ஆறு, பதினொண்டு, இருபத்தாறு?"

"எல்லாம் நல்லது. இருபத்தாறு இந்திரனைப் போலை வாழுவினம்."

வீடு கட்டுகிறபோது சுவரின் நீள அகலம் எத்தனை அடி இருந்தால் என்ன பலன் என்று சொல்கிற சாத்திரம் அது. கத்தோலிக்கனான சந்தியோகுவின் வீட்டில் கோவில் சுவாமியார் வந்து தண்ணீர் தெளித்தால் சரி, அளவுநாடா தேவைப்படுவதில்லை. அவன் தலையைச் சொறிந்தான்.

"அடிக்குச் சொன்ன சாத்திரத்தை அங்குலத்துக்குப் பாத்தால் பலிக்குமோ?"

"கார் சின்னன்தானே," என்றாள் குணலட்சுமி. சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "ஆனால் அப்பு ஏன் உவற்றை காருக்கு..."

"அதைத்தான் நானும் கேக்க வந்தனான்," என்றார் முத்துக்குமாரர். "பிள்ளை, ஒரு விசயம். அப்பு விக்கிற மரத்துக்கும் உப்பிடி அளவு பாத்துத் திருத்திறவரோ? கதவு, நிலை, யன்னல் எண்டு சனம் வந்து கேக்குதே."

"இல்லையே. வாங்கிற ஆள் பதின்மூண்டு கேட்டால் பதின்மூண்டு அறுப்பிப்பார், பதினெட்டுக் கேட்டால் பதினெட்டு. அவையின்ரை வீடு, அவையின்ரை பாடு. எங்கடை வீடு, எங்கடை மாட்டுக்கொட்டில், எங்கடை..." குணலட்சுமியின் கை வாய்க்குப் போனது. அவள் திரும்பி உள்ளே போய்விட்டாள். போன வேகத்தில் ஒரு கோழி கொப்பிலிருந்து பறந்தது.

சலங்கைச் சத்தம் கேட்டது. பரமலிங்கம் வந்தார், இரண்டு கைக்கும் இரண்டு காளை. மூன்றும் ஒரே மாதிரி: அகலமான நெற்றி, தடித்த கழுத்து, மற்றவன் வழிவிட வேண்டும் என்கிற நடை. காதில் தச்சுப் பென்சில் ஒன்று செருகியிருந்தது.

"ஆர் நீங்கள்?"

முத்துக்குமாரர் தன்னைச் சொன்னார். வரைபடத்தைக் காட்டினார். பரமலிங்கம் அதைப் பார்த்தார், காளைகளைப் பார்த்தார், திரும்பவும் வரைபடத்தைப் பார்த்தார்.

"ஓம். நான்தான் மாத்தினன். இப்ப என்ன?"

மறுப்பார் என்று எதிர்பார்த்து ஐந்து கேள்வி தயார்பண்ணி வந்திருந்த முத்துக்குமாரர் ஐந்தையும் விழுங்க வேண்டியதாயிற்று.

"எஞ்சின் இருக்குதில்லை," என்றார்.

"பதினைஞ்சு அங்குலத்திலை எஞ்சின் என்ன, எலிகூட இருக்கக்கூடாது. படிச்ச மனிசன், உது தெரியாதோ?"

"பந்தயத்திலை வெல்லத்தான் மாத்தினனீர் எண்டு மாப்பிளை சொல்லுறார்."

பரமலிங்கத்தின் கழுத்து சிவந்தது. "என்ரை காளைக்குக் கள்ள அங்குலம் தேவையில்லை எண்டு போய்ச் சொல்லும்."

"நானும் அப்பிடித்தான் நினைச்சன்," என்றார் முத்துக்குமாரர் மெதுவாக. "பரமலிங்கத்தார், ஊரார் வாங்கிற கதவுக்கு நீர் மனையடி பாக்கிறதில்லை. உம்மடை ஆக்கள் இருக்கப்போற இடத்துக்கு மட்டும்தான் பாக்கிறனீர், கோழிக்கூடு வரைக்கும். அப்ப அந்தக் காரிலை உம்மடை ஆர் இருக்கப்போயினம்?"

வாள் சத்தம் நின்றது. பள்ளத்துக்குள் நின்றவன் தலையை வெளியே நீட்டினான். காளைகளில் ஒன்று மூச்சு விட்டது. வீட்டு யன்னலின் ஒரு கதவு ஒரு விரற்கடை திறந்தது.

பரமலிங்கம் யன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஆளை அசைக்க இது போதும் என்று சந்தியோகு நினைத்தான். முத்துக்குமாரருக்குப் போதவில்லை. தவறின பெட்டியின் சொந்தக்காரன் கையெழுத்து வைக்கும் வரை அவர் விடமாட்டார்.

"இன்னொண்டும் சொல்லுறன். எப்பிடியாவது எஞ்சினைப் பூட்டி, உம்மடை அளவிலை செய்த சட்டத்திலைதான் ஞாயிற்றுக்கிழமை காரை ஓட்டப்போயினம். தோத்தால், பரமலிங்கம் பாத்த சாத்திரம் பிழைச்சுப்போச்சு எண்டு சனம் கதைக்கும். வெண்டால், பரமலிங்கத்தின்ரை காளை தோத்துப்போச்சு எண்டு கதைக்கும். எது வேணும் எண்டு நீரே சொல்லும்."

இதைவிட இறுக்கமாக ஒரு முடிச்சுப் போட முடியாது. சந்தியோகுவுக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

பரமலிங்கம் காளைக் கயிறுகளைத் தோளில் போட்டார். பிறகு குனிந்து, இடப்பக்கக் காளையின் முன்னங்காலைத் தூக்கிப் பார்த்தார். காளை அவரை ஆச்சரியத்தோடு பார்த்தது.

"நொண்டுது," என்றார்.

"இப்ப கேணியிலிருந்து அரை மைல் நல்லாத்தானே நடந்து வந்தது?" என்றான் சந்தியோகு.

"உள் நோவு. வெளியிலை தெரியாது." காலை விட்டார். காளை அந்தக் காலாலேயே ஒரு வாளியை உதைத்து உருட்டியது. பரமலிங்கம் அதைப் பார்க்கவில்லை. "நொண்டுற மாட்டைப் பூட்ட ஏலாது, பாவம். பந்தயம் இல்லை எண்டு நாளைக்குத் திடலிலை சொல்லுவிக்கிறன். ஆவணியிலை ஒரு நாள் பாப்பம்."

"பந்தயத்துக்கோ?"

"விசர்க் கதை கதைக்காதையும். கலியாணத்துக்கு."

யன்னல் கதவு சத்தத்தோடு மூடியது. உள்ளே எதுவோ விழுந்து உடைந்தது. உடைத்தவள் அதற்காகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

திரும்பிவரும் வழி முழுக்க முத்துக்குமாரர் தன் முடிச்சைப் பற்றியே கதைத்தார். இரண்டு வழியும் அடைத்து ஒரு மனிதனைப் பிடிப்பது மலாயாவில் ஒரு கங்காணியிடம் தான் படித்த வித்தை என்றார். நீர்வேலியில் ஒருதரமும் கோப்பாயில் ஒருதரமும் அதைத் திரும்பச் சொன்னார். பின்காற்று இருந்ததால் சந்தியோகு பொறுத்துக்கொண்டான்.

கொழும்புத்துறையில் கதிரவேலு, முத்துக்குமாரர் சொன்னபடி எதையும் தொடாமல், நின்ற இடத்திலேயே நின்றார். செய்தியைக் கேட்டதும் முதலில் சிமியோனைக் கட்டிப்பிடித்தார், பிறகு சந்தியோகுவை, பிறகு சைக்கிளை.

"அப்ப எஞ்சினை ஆறுதலாப் பூட்டலாம்," என்றார். "சட்டத்தைப் பழைய அளவுக்குச் செதுக்குவம். கலியாணத்துக்கு அந்தக் காரிலைதான் போவன். அச்சுவேலிச் சந்தையைச் சுத்தி மூண்டு தரம்."

சிமியோன் உளியைக் கீழே வைத்தார். "செதுக்கித் தரலாம் தம்பி. ஆனால் கார் முன்னுக்குப் போகாது."

"ஏன்?"

"உது இடப்பக்கம் சுத்துற எஞ்சின். லோஞ்சுக்கு அதுக்கேத்த, தண்ணி தள்ளுற காத்தாடி போட்டிருந்தவை, அதாலை சரி. காரெல்லாம் வலப்பக்கம் சுத்துற எஞ்சினுக்குச் செய்தது. உதைப் பூட்டினால் கார் பின்னுக்குத்தான் ஓடும். நல்லா ஓடும், அதிலை குறை சொல்ல ஏலாது. ஆனால் பின்னுக்கு."

கதிரவேலு பென்சிலை எடுத்துக் கொப்பியில் ஒரு வட்டம் போட்டார், அதற்கு ஒரு அம்பு போட்டார், பின்சக்கரத்துக்கு இன்னொரு அம்பு போட்டார். அம்புகள் ஒன்றையொன்று பார்த்து நின்றன. அவர் முகம் மெல்ல மெல்ல வெளுத்தது.

"ஞாயிற்றுக்கிழமை சனம் முழுக்கப் பாக்க..." என்றார்.

"நீர் புத்தூர்ப் பக்கம் போயிருப்பீர்," என்றார் முத்துக்குமாரர். "காளை ரெண்டும் நடந்தே வெண்டிருக்கும். சிமியோன், உதை ஏன் முதலே சொல்லேல்லை?"

"மரச் சட்டம் செய்யத்தானே கேட்டவர். எந்தப் பக்கம் சுத்தும் எண்டு கேக்கேல்லை." சிமியோன் கொஞ்சம் யோசித்தார். "ஒருத்தர்தான் கேட்டவர்."

"ஆர்?"

"பரமலிங்கம் முதலாளி. செவ்வாய்க்கிழமை, கடுதாசியைப் பாத்துக்கொண்டு நிண்டவர், எந்த லோஞ்ச், எந்தப் பக்கம் சுத்திறது எண்டு கேட்டார். சொன்னன். கனநேரம் யோசிச்சார். பிறகுதான் காதிலையிருந்து பென்சிலை எடுத்தவர்."

முத்துக்குமாரர் தன் இறுக்கமான முடிச்சைப் பற்றி நினைக்கிறார் என்பது சந்தியோகுவுக்குத் தெரிந்தது. முடிச்சுக்குள் அகப்பட்ட மனிதர், மாப்பிள்ளையின் கார் சனத்துக்கு முன்னால் பின்னுக்கு ஓடாதபடி அளவை மாற்றிவிட்டு, அந்த முடிச்சைத் தானே கழுத்தில் மாட்டிக்கொள்ள மூன்று நாளாகக் காத்திருந்தவர்.

"ஐயா, உதுக்கு மலாயாவிலை என்ன பேர்?" என்றான்.

முத்துக்குமாரர் கொட்டிலுக்குள்ளேயே குடையை விரித்துப் பிடித்துக்கொண்டார்.

கதிரவேலு வரைபடத்தை எடுத்தார். வெட்டித் திருத்திய நாலு எண்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அதை மடித்துச் சட்டைப் பையில், நெஞ்சுப் பக்கமாக வைத்துக்கொண்டார்.

"சிமியோன் அண்ணை, எஞ்சினைத் தூக்கி எடுங்கோ. உது வள்ளத்துக்கே போகட்டும்."

"அப்ப காருக்கு?"

"அச்சுவேலிக்குப் போய்க் கேக்கப்போறன்," என்றார் கதிரவேலு. "மாமாவிட்டைக் காளை ரெண்டு நிக்குது. முன்னுக்குப் போறது அது ரெண்டும்தான்."